சர் ஜகதீச சந்திர போஸ்

வேனிற்காலத்து நண்பகலில் தோட்டத்துச் செடிகள் துவண்டு நிற்றலை யாவரும் கண்டிருக்கின்றோம். செடி வெப்பத்தை உணர்கின்றதோ என வினவி, அதற்கு அச்செடியையே விடையெழுதச் செய்த பேரறிஞர் சர் ஜகதீச சந்திர போஸ் ஆவர்.

இவர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் நாள் கீழ் வங்காளத்தில் பிறந்தனர். கல்கத்தா செயின்ட் சேவியர் கலாசாலையில் லபோன் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்று, பின்னர்க் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று மீண்டனர். 1885-இல் கல்கத்தா பிரசிடென்ஸி கலாசாலையில் ஆசிரியராயினர். ஐரோப்பியர்க்கு உயர்ந்த ஊதியமும் இந்தியர்க்குக் குறைந்த ஊதியமும் அளிக்கும் வழக்கத்திற்கு உடன்படாது, மூன்றாண்டுகள் ஊதியமே பெறாமல் கற்பித்தனர். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையுடன் அவர்க்கு அளிக்கப்பட்டது.

மின்னலை ஆராய்ச்சியிற் புகழெய்திய பின்னர் இவர் தாவரங்களை ஆராயப் புகுந்தனர். தொட்டாற்சுருங்கியே அன்றி, முள்ளங்கி, காரட், காலிபிளவர் முதலிய காய்கறிகளும் தூண்டப்பெற்றால் மின்குறி காட்டுமெனக் கண்டனர். கொதிநீராவியால் மாய்ந்த பகுதியோ யாதொரு குறியும் காட்டிற்றிலது. செடியைச் சிறிது சிறிதாகச் சூடேற்றியவிடத்து, ஏறக்குறைய 60 டிகிரி சென்டிகிரேடில் அது திடீரெனத் துடித்து மாய்வதையும் கருவிகளாற் பதிவு செய்தனர்.

1901-இல் இவர்தம் முடிபுகளை இலண்டன் ராயல் சங்கத்தில் உடலியல் அறிஞர் சிலர் எதிர்த்தமையின் கட்டுரை அச்சேறவில்லை. இவர் சோர்ந்தாரல்லர், நூல்களாகவே வெளியிட்டனர். 1917-இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவினர். 1920-இல் அச்சங்கமே இவரை அங்கத்தினராக ஏற்றது. 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரிதியில் காலமானார்.

தாவரங்கட்கும் நரம்புண்டு என்ற அவர் கொள்கையை அறிஞர் பலர் ஒப்பவில்லை. ஆயினும் தாவரத்துள் மின்குறிகள் ஓடுதல் இன்று உறுதிப்பட்ட உண்மை. வெப்பத்தால் உயிரணுவினுள் நிகழ்வதைப் பிற்காலத்தார் கண்டனர். 1962-இல் ரிட்டோசா என்னும் இத்தாலியர், சூடேறிய பழ ஈயின் மரபணுக்கள் சில கிளர்ந்தெழுதலைக் கண்டதே அதற்குத் தொடக்கம்.

தக்காளியை நோக்குவோம். வெப்பம் மிகின் உயிரணுவிலுள்ள புரதங்கள் உருக்குலையும். அதுகாறும் ஒரு கட்டளைப் புரதத்தைப் பற்றி அடக்கிவைத்திருந்த காவற்புரதங்கள், அதனை விடுத்து, குலைந்தவற்றைச் செப்பனிட ஓடும். விடுபட்ட கட்டளைப் புரதம் மும்மூன்றாய்க் கூடி, உட்கருவில் மரபணுக்களைத் தூண்டி, மேலும் காவற்புரதங்களை ஆக்குவிக்கும். எனினும் தக்காளியின் மகரந்தம் வெப்பத்திற்கு மிக மெலியது. அது கெடின் பூ காயாகாது உதிரும். உழவனுக்கு நேரும் நட்டம் இதுவே.

இளஞ்சூட்டிற் பழகிய செடி பின்வரும் கடுஞ்சூட்டையும் ஒருவாறு தாங்கும். ஊதிய மறுப்பிலும் கட்டுரை மறுப்பிலும் பழகி உரம்பெற்ற போஸ் அவர்களின் வாழ்வும் அத்தகையதே. மாணவர்காள், ஊமையென எண்ணப்பட்ட உயிர்க்காக வழக்காடிய அப்பெரியாரை நினைவில் இருத்துவோமாக.