புற்றும் காளானும் கண்ட கோனிக்

நம் வீட்டுக் குழம்பிலும் இரசத்திலும் நாள்தோறும் மிதக்கும் கறிவேப்பிலையில் ஓர் அயல்நாட்டு அறிஞரின் பெயர் வாழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியார். தாவர நூலார் அவ்விலைக்கு வழங்கும் இருசொற் பெயரில் இரண்டாவது சொல் 'கோனிகி' என்பதாம். அது ஜொஹான் கெர்ஹார்டு கோனிக் என்னும் மருத்துவரை நினைவூட்டுவது. காவிரி கடலொடு கலக்கும் நாட்டில் நின்று, செடிகளையும் கறையான் புற்றையும் காளானையும் ஆராய்ந்த அப்பெரியாரின் வரலாறு, கல்வியால் உயரத் துணிந்த நம் இளைஞர் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

கோனிக் 1728ஆம் ஆண்டில், இன்று லாட்வியா என வழங்கும் பால்டிக் கடற்கரை நாட்டில் பிறந்தார். உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் அவருக்கு ஆசான். பனி மூடிய ஐஸ்லாந்துத் தீவுக்குச் சென்று அங்குள்ள செடிகளை ஆராய்ந்து சேர்த்தார் மாணவர். அங்கு அவர் கண்ட சிறுசெடி ஒன்றிற்கு லின்னேயஸ் 'கோனிகியா' எனப் பெயரிட்டுப் பெருமைப்படுத்தினார்.

1768ஆம் ஆண்டில், நாற்பது வயதில், கோனிக் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். 1620 முதல் டேனியர் வசமிருந்த அத்துறைமுகத்தில் சீகன்பால்கு காலந்தொட்டுச் சமயப்பணி புரிந்துவந்த சபையாருக்கு மருத்துவராக அவர் அமர்த்தப்பட்டார். நோயாளரைப் பார்த்த நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் வயல் வரப்பிலும் தோப்பிலும் கழித்தார். செடியைப் பறித்து, தாளிடை வைத்து அழுத்தி உலர்த்தி, குறிப்பெழுதி ஐரோப்பாவிற்கு அனுப்பினார். அவ்வாறு சென்றவற்றுள் ஒன்றே கறிவேப்பிலை. 1771இல் லின்னேயஸ் தம் நூலில் அதற்குப் பெயர் சூட்டியபோது மாணவரை மறந்தாரில்லை.

அதே ஆண்டில் அதே நூலில், இந்தியாவிலிருந்து கோனிக் அனுப்பிய ஒரு காளானும் இடம்பெற்றது. குடை விரியாத காளான் அது. நீண்ட தண்டின் மேல் முட்டை வடிவில் மூடிய தலையும், உடலெங்கும் செதிலும் கொண்டது. வறண்ட தரையிலும் கறையான் புற்றின் மீதும் முளைப்பது. லின்னேயஸ் அதனை லைக்கோபெர்டான் பிஸ்டில்லாரே என அழைத்தார். பின்னர், 1829இல், எலியாஸ் ஃபிரீஸ் என்னும் சுவீடன் அறிஞர் அதனைப் போடாக்ஸிஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். இன்றும் அப்பெயரே வழங்குகிறது.

கோனிக் 1774இல் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகப் பணியேற்றார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்கு மாறினார். சயாம், மலாக்கா நாடுகளுக்குச் சென்று 1780இல் மீண்டார். தரங்கம்பாடியில் அவருடன் பழகிய சமயப்பணியாளர் சிலரும் செடியாராய்ச்சியில் ஈடுபட்டனர். பிற்காலத்தில் தமிழகராதி தொகுத்த ரோட்லர் அவர்களுள் ஒருவர்.

1779ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து இயற்கை ஆய்வாளர் கழகத்தின் வெளியீட்டில், கறையானைப் பற்றிக் கோனிக் எழுதிய நீண்ட கட்டுரை அச்சேறியது. கறையான் புற்றினுள் பூசணம் வளர்வதை அறிவியல் ஏட்டில் முதலிற் பதித்தவர் என்று அவரைப் பின்வந்தோர் குறிப்பர். அதன் முழுப்பொருள் பிறகே விளங்கிற்று. கறையான் மரத்தூளையும் சருகையும் மென்று கொண்டுவந்து புற்றினுள் தேனடைபோல் அடுக்கும். அதன்மேல் பூசணம் வளர்ந்து அதனை மென்மையாக்கும். கறையான் அதனை உண்ணும். மழை பெய்து மண் நனைந்ததும் அப்பூசணமே நீண்ட தண்டோடு மண்ணைப் பிளந்து புற்றுக் காளானாகக் குடைவிரிக்கும். இலங்கைப் பேராதனையில் பணிபுரிந்த தாமஸ் பெட்ச் 1906இல் இதனை விரிவாக ஆராய்ந்தார். 1942இல் ரோஜர் ஹைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் இக்காளான்களுக்குத் 'தெர்மிட்டோமைசிஸ்' என்னும் பேரினப் பெயரை அமைத்தார்.

அக்கட்டுரையில் கோனிக் மற்றொன்றையும் எழுதிவைத்தார். இந்நாட்டு மக்கள் ஈசல் பிடிக்கும் முறை அது. புற்றில் காற்று வரும் பக்கம் ஒரு துளையும் எதிர்ப்பக்கம் ஒரு துளையும் இடுவர். எதிர்ப்பக்கத் துளையில் பானையின் வாயைப் பொருத்துவர். காற்று வரும் பக்கத்தில் நாற்றமுள்ள பொருள்களை எரித்துப் புகை மூட்டுவர். புகைக்கு அஞ்சிய ஈசல் பானைக்குள் வந்து விழும். சில வேளை நல்லபாம்பும் வந்துவிடுமாதலால் எச்சரிக்கையாயிருப்பர். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழை எளியோர்க்கு மலிவாக விற்பர். இவற்றையெல்லாம் எழுதிய கோனிக், பானையின் உட்புறத்தில் மணமுள்ள ஓர் இலையைத் தேய்ப்பர் என்றும் குறித்தார். அவ்விலை வேறொன்றுமன்று, தம் பெயரைத் தாங்கிய கறிவேப்பிலையே.

இளைஞர்களே, இங்குச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஈசலும் காளானும் நத்தையும் ஏழையின் உணவு, இழிந்தோர் உணவு என்று ஏளனம் செய்யப்பட்ட காலம் ஒன்றுண்டு. பள்ளிக்குச் சென்ற நம் பிள்ளைகள் அவற்றின் பெயரைச் சொல்லவும் கூசினர். ஆனால் எந்த மழைக்கு எந்தப் புற்று திறக்கும், காற்று எப்பக்கம் வீசுகிறது, எந்த இலையின் மணம் உதவும் என்று அறிந்து செயற்பட்ட அந்த எளிய மக்களின் திறத்தைப் பெர்லின் நகரத்து அறிஞர் அவை ஏடாக வெளியிட்டுப் போற்றியது. கூச வேண்டியது நாமல்லோம்.

எனினும் ஒரு குறையுண்டு. இலையின் பெயரில் கோனிக் இருக்கிறார். ஈசல் பிடித்தவர் இல்லை. அன்று காவிரிச் சமவெளியில் உழவின் பெருஞ்சுமையைத் தாங்கியோர் பண்ணையடிமைகளாய் இருந்த நம் முன்னோரே. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்னும் சட்டம் 1843இல்தான் வந்தது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 வரை காத்திருக்க நேர்ந்தது. அறிவு நம்மிடம் இருந்தது, எழுத்து மறுக்கப்பட்டது. எழுதியவன் பெயர் நின்றது. அறிந்தவன் பெயர் மறைந்தது. நம் போன்றோர் கல்விக் கழகம் காண்பதன் காரணமும் இதுவே.

ஆகவே கோனிக்கின் வழியை நாமும் கைக்கொள்ளலாம். குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியைச் சூழ்ந்த வயல்வெளிகளில் வரப்பும் வைக்கோற்போரும் புற்றும் உள்ளவரை காளானுக்குப் பஞ்சமில்லை. முற்றிய காளான் ஒன்றை எடுத்துத் தண்டை அறுத்துவிடுக. குடையின் அடிப்புறமுள்ள மடிப்புகள் கீழ்நோக்கும்படி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் வைக்க. காற்றுப் படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி ஓரிரவு விடுக. காலையில் குடையை எடுத்தால், மடிப்புகளிலிருந்து உதிர்ந்த வித்துத் தூள் தாளின்மேல் ஆரக்கால்போல் அழகுற அமைந்திருக்கும். பாடநூல்கள் ஸ்போர் என்பது இதனையே. வெளிர்நிறத் தூள் கறுப்புத் தாளிலும், கருநிறத் தூள் வெள்ளைத் தாளிலும் தெளிவாகத் தெரியும்.

இத்தூளின் நிறத்தை அடிப்படையாகக் கொண்டே ஃபிரீஸ் 1821இல் மடிப்புக் காளான்களை வகைப்படுத்தினார். புற்றுக் காளானும் வைக்கோற் காளானும் இளஞ்சிவப்புச் சாயலுடைய பதிவைத் தரும். உயிர்குடிக்கும் அமானிட்டா வகை வெண்பதிவைத் தரும். அயல்நாட்டில் குடியேறிய ஆசிய மக்கள் சிலர், தம் ஊர் வைக்கோற் காளான் என எண்ணி அதனை உண்டு மாண்டிருக்கின்றனர். இளமையில் வெண்மடிப்போடு உண்ணத்தக்கதுபோல் தோன்றும் குளோரோஃபில்லம் வகையொன்று பச்சைநிறப் பதிவைத் தரும். அதனை உண்டால் வாந்தியும் கழிச்சலும் உண்டாகும். ஆயினும் நிறம் ஒன்றை மட்டும் நம்பிக் காளானை உண்ணுதல் கூடாது. நிறம் ஒரு சான்றே, முடிவான தீர்ப்பன்று.

அடுத்தது நுண்ணோக்கி. ஊசி முனையால் சிறிது தூளை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் நீர்த்துளியோடு கலந்து, மெல்லிய மூடுதகட்டால் மூடிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான காளான்களின் வித்துகள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கையொட்டியோ அதனினும் சிறியனவாகவோ இருக்கும். அவற்றின் வடிவம், அளவு, சுவரின் தடிப்பு ஆகியன இனத்தைப் பிரித்தறிய உதவும். கோனிக் அனுப்பிய காளான் குடை விரிக்காதாகையால் தாளில் பதிவு தாராது. அதன் தலையை உடைத்து, உள்ளிருக்கும் கருந்தூளையே எடுத்து நோக்க வேண்டும்.

தாளின் ஓரத்தில் நாள், இடம், முளைத்த நிலம், சேர்த்தவர் பெயர் ஆகியவற்றை மறவாமல் எழுதுக. இவையின்றேல் அப்பதிவு வெறும் கோலமே. எழுதிக் காத்தவற்றின் பயன் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். 2021இல் வெளிவந்த ஆய்வொன்றில், அருங்காட்சியக ஏடுகளில் நெடுங்காலம் உறங்கிய போடாக்ஸிஸ் மாதிரிகளின் வித்துகள் உயிர்ப்பிழக்காதிருந்ததைத் துணையாகக் கொண்டு, பத்து மாதிரிகளின் மரபணுத் தொகுதியை அறிஞர் படித்தனர். லின்னேயஸ் பெயரிட்ட இரண்டு இனங்களும் அவற்றுள் அடங்கும்.

கோனிக் 1785ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் காக்கிநாடாவையடுத்த ஜகந்நாயக்கபுரத்தில் வயிற்றுக்கடுப்பு நோயால் மறைந்தார். நோயுற்ற காலத்தில், பின்னாளில் இந்தியத் தாவரவியலின் தந்தை எனப் புகழப்பெற்ற ராக்ஸ்பர்க் வந்து கவனித்தார். கோனிக் சேர்த்து வைத்தது பொன்னன்று, நிலமன்று, கையெழுத்துக் குறிப்புகளே. அவற்றை இங்கிலாந்தின் ஜோசப் பேங்க்ஸ் என்னும் அறிஞர்க்கு உரிமையாக்கிச் சென்றார்.

நம் முன்னோர் புற்றை அறிந்தனர், மழையை அறிந்தனர், காளானை அறிந்தனர். அவர்தம் அறிவு வாய்ச்சொல்லாய்க் காற்றில் போயிற்று. இனி அவ்வாறு போகவிடுதல் தகாது. இவ்வாண்டு மழைக்கு முளைக்கும் முதற் காளானைத் தாளில் பதித்து, அதனடியில் உங்கள் பெயரை எழுதுங்கள். உங்கள் பாட்டி அதனை எப்பெயரால் அழைத்தார் என்பதையும், அவர் பெயரையும் உடன் எழுதுங்கள்.