பக்தரும் சிரித்த பகுத்தறிவு
(கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வாழ்வும் பணியும்)

மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு

மனிதனை அழவைப்பது எளிது. சிரிக்க வைப்பது அரிது என்பர். அதனினும் அரிது ஒன்று உண்டு. ஒருவன் கும்பிடும் சாமியின் பெயரால் நடக்கும் பித்தலாட்டத்தை எடுத்துக்காட்டி, கும்பிடுகிற அவனையே கைதட்டிச் சிரிக்க வைப்பதுதான் அது. அந்த அரிய செயலை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்த் திரையில் செய்து காட்டிய பெருமகனார் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ஆவார். அவர் பிறந்தது நாஞ்சில் நாடு. ஆயினும் அவருடைய கலை வாழ்வின் பல முக்கியமான ஆண்டுகள் நம் கொங்கு மண்ணோடு பின்னிக் கிடக்கின்றன. ஆகவே அவரைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுதுவது பொருத்தமே எனக் கருதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் கிருஷ்ணன். பெற்றோர் பெயர்களைப் பாருங்கள். சுடலைமாடனும் இசக்கியம்மனும் அந்தப் பக்கத்துச் சிற்றூர்த் தெய்வங்கள். வில்லுப்பாட்டும் கோயில் கொடையும் நிறைந்த ஊர்களுக்கு நடுவே அவர் வளர்ந்தார். வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்ற சிறுவன், மேடையையே பள்ளியாகக் கொண்டான். பின்பு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து நடிகரானார்.

1935இல் வெளிவந்த 'மேனகா'விலும், 1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி'யிலும் நடித்துத் திரைக்கு வந்தார். 'சதிலீலாவதி'யைத் தயாரித்தவர் கோவையைச் சேர்ந்த மருதாசலம் செட்டியார். ஆக, அவருடைய திரைவாழ்வின் தொடக்கத்திலேயே நம் ஊர்ப் பெயர் இடம்பெற்று விட்டது. 'வசந்தசேனா' படத்தின்போது டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். அவர்கள் இருவரும் வாழ்விலும் திரையிலும் இணை பிரியாதவர் ஆயினர்.

கோவையும் கலைவாணரும்

1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டிய நாள் முதல் கோவை திரைப்படத்தோடு உறவு கொண்ட நகரம். பின்னர் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா நிறுவனமும் பெயர் பெற்றது. பஞ்சாலைச் சங்கு ஒலிக்கும் ஊரில் படப்பிடிப்புத் தளங்களும் இரவு பகலாக இயங்கின. 'ஆரியமாலா' (1941), 'சிவகவி' (1943), 'ஜகதலப்பிரதாபன்' (1944), 'ஹரிதாஸ்' (1944) முதலிய படங்கள் கோவைக்காரர்களின் முயற்சியாலும் கோவைத் தளங்களாலும் உருவானவை. இவை அனைத்திலும் என்.எஸ்.கே. உண்டு.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 'சிவகவி'யும் 'ஹரிதாஸு'ம் பக்திப் படங்கள். தியாகராஜ பாகவதரின் பாட்டில் உருகிக் கண்ணீர் விட வந்த மக்கள், இடையிடையே என்.எஸ்.கே.யும் மதுரமும் வந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவரோ பகுத்தறிவுக் கருத்துடையவர். 1925இல் ஈரோட்டில் 'குடிஅரசு' இதழைத் தொடங்கிப் பெரியார் பரப்பிய சுயமரியாதை எண்ணங்கள் அவரை ஈர்த்திருந்தன. மூட நம்பிக்கை, போலிச் சாமியார், சாதிச் செருக்கு, குடிப்பழக்கம் ஆகியவையே அவருடைய நகைச்சுவைக்கு இலக்குகள். அப்படியிருந்தும் பக்தர்கள் அவரை வெறுக்கவில்லை. காரணம் என்ன?

என் பாட்டி மருதமலைக்கும் பேரூருக்கும் தவறாமல் செல்பவர். தொலைக்காட்சியில் என்.எஸ்.கே. வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். ஏன் பாட்டி, இவர் சாமியார்களைக் கேலி செய்கிறாரே என்று ஒருநாள் கேட்டேன். அவர் கேலி பண்ணுவது காசு பிடுங்குகிறவனைத்தானே, சாமியையா என்று திருப்பிக் கேட்டார். ஆராய்ச்சி நூல்கள் பல பக்கங்களில் சொல்வதைப் பாட்டி ஒரு வரியில் முடித்துவிட்டார்.

சிறையும் விடுதலையும்

1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது செய்யப்பட்டனர். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்குப் பின் 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களாக வெளிவந்தனர்.

இக்காலத்தின் பெரும்பகுதியிலும் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்டது. கதாநாயகரும் நகைச்சுவை நடிகரும் சிறையில். அவர்களைத் திரையில் காணப் பக்தர்கள் வரிசையில்! மக்கள் வைத்திருந்த அன்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிறைக்காலத்தில் அவருடைய நாடகக் குழுவைக் கட்டிக்காத்தவர்களுள் ஒருவர் நம் சிங்காநல்லூரில் பிறந்த எஸ்.வி.சகஸ்ரநாமம் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. இன்னொருபுறம் கே.ஆர்.ராமசாமி, நண்பரின் பெயராலேயே கிருஷ்ணன் நாடக சபாவைத் தொடங்கினார். விடுதலை பெற்ற ஆண்டிலேயே அவருக்குக் கலைவாணர் என்ற பட்டம் வழங்கப்பெற்றது.

ஒரே ஆண்டில் இரு படங்கள்

1949ஆம் ஆண்டு நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது. அறிஞர் அண்ணா எழுதிய இரு படங்கள் அவ்வாண்டில் வந்தன. ஒன்று, கலைவாணரின் 'நல்லதம்பி'. மற்றொன்று, ஜூபிடர் நிறுவனத்தின் 'வேலைக்காரி'.

'நல்லதம்பி'யில் கலைவாணர் கதாகாலட்சேபம் செய்யும் பாகவதராக வந்து, கிந்தனார் சரித்திரம் சொல்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை நாம் அறிவோம். நந்தன் சிதம்பரம் காண ஏங்கினான். கிந்தனோ கல்வி கற்க ஏங்குகிறான். ரயிலேறி நகரத்துக்குச் செல்கிறான். படித்து உயர்ந்து திரும்புகிறான். அந்தக் கிந்தனாருக்குப் பின்னால் இருந்தது கலைவாணர் தம் ஆசானாகவே மதித்த உடுமலை நாராயணகவியின் பேனா. உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பூளவாடியில் 1899இல் பிறந்த அக்கவிஞர், கொங்கு நாட்டின் நாட்டுப்புற மெட்டுகளைக் கலைவாணரின் குரலில் தமிழகமெங்கும் ஒலிக்கச் செய்தார்.

பக்தர்கள் நன்கறிந்த காலட்சேப வடிவத்திலேயே அந்தக் கேலி வந்தது. அதனால் அன்னியன் வீட்டுக்குள் புகுந்து திட்டுவது போல் அது தோன்றவில்லை. வீட்டுப் பிள்ளையே குறை சொல்வது போல் இருந்தது. இத்தகைய கேலி நம் சமயத்துக்குப் புதிதும் அன்று. பேரூரில் பட்டீசுவரர் பள்ளனாகவும் அம்மை பள்ளத்தியாகவும் வயலில் இறங்கி நாற்று நட்டதாகத் தலபுராணம் பேசுகிறது. சுந்தரரிடம் தாம் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்த நந்தியை இறைவன் அடித்தார் என்பதும் கதை. ஆனி மாதத்தில் அதை விழாவாகவே கொண்டாடுகிறோம். ஆண்டவனே சேற்றில் இறங்கும்போது, கிந்தன் ரயிலில் ஏறக்கூடாதா?

'வேலைக்காரி'யின் வழி வேறு. அதில் வறுமையில் வாடிய கதாநாயகன் காளி கோயிலுக்குள் நுழைந்து, தெய்வத்தையே எதிர்த்து வழக்காடிப் பூசைப் பொருள்களை வீசி எறிகிறான். இங்கே கேலி இல்லை, கோபமே உண்டு. சமயப் பற்றுடையோர் பலர் மனம் கொதித்தனர்; ஆயினும் படம் பெருவெற்றி பெற்றது. 1952இல் வந்த 'பராசக்தி'யில் பூசாரி ஒருவனின் காமக் கொடுமை காட்டப்பட்டபோது, படத்தைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் வலுவாக எழுந்தது. 1954இல் எம்.ஆர்.ராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய புயலும், அவ்வாண்டு வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டமும் நாம் அறிந்தவையே.

எந்த வழி சிறந்தது என்று நம் வரலாற்று வகுப்பில் காரசாரமாக விவாதித்ததுண்டு. சிரித்துவிட்டு வீடு சென்றவன் மறுநாளும் அதே சாமியாரின் காலில் விழுந்தானே, அப்படியானால் சிரிப்பால் விளைந்த பயன் என்ன என்று நண்பர்கள் கேட்டனர். புறக்கணிக்க முடியாத கேள்விதான் அது. கோபம் சிலரை உலுக்கி எழுப்பியது உண்மை. ஆனால் கோபம் எழுப்பிய இடத்தில் எதிர்க்கோபமும் எழுந்தது. கேட்க மறுத்தவர் காதைப் பொத்திக்கொண்டார். கலைவாணரோ கேட்க மறுப்பவரின் காதுக்குள்ளும் நுழைந்தார். என் பாட்டி ஒரு நாள்கூடப் பள்ளி சென்றதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கிந்தனார் கதையைப் பாட்டி எனக்குச் சொன்னபோது அதைப் பகுத்தறிவுக் கதை என்று சொல்லவில்லை. படிக்கப் போன ஒரு பையனின் கதை என்றே சொன்னார். விதை எப்படி விழுந்தது என்பதை முளைத்த செடி சொல்லும் அல்லவா?

அரசியலும் அறமும்

கலைவாணரின் கிண்டல் அரசியலையும் விடவில்லை. 1952இல் அவர் இயக்கிய 'பணம்' படத்தில், தி.மு.க. என்ற எழுத்துகளுக்குத் திருக்குறள் முன்னேற்றக் கழகம் என்று விரிவு சொல்லிப் பாடினார். தணிக்கையாளரும் சிரித்திருப்பர், கழகத்தாரும் மகிழ்ந்திருப்பர்! அவர் திராவிட இயக்கத்தின் நண்பர். அதே வேளையில் காந்தியடிகளிடம் அளவற்ற பக்தி கொண்டவர். நாகர்கோவிலில் சொந்தச் செலவில் காந்தி நினைவுத் தூண் எழுப்பினார். கோயில் கொடைகளில் ஒலித்த வில்லுப்பாட்டை எடுத்துக் காந்தி மகான் கதையைப் பாடினார். கட்சி வேலிகள் அவரை அடைத்து வைக்கவில்லை.

ஈட்டிய பொருளை இல்லை என்று வந்தவர்க்கெல்லாம் ஈந்தார். தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், ஐம்பது வயதும் நிரம்பாத நிலையில் மறைந்தார். 1969 ஜனவரியில் சென்னையில் அவருடைய சிலையைத் திறந்து வைத்ததே பேரறிஞர் அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொது நிகழ்ச்சியாக அமைந்தது.

நிறைவாக

இன்று ஒரு படத்தில் ஒரு வசனம் பிடிக்கவில்லையென்றால், படத்தை முழுதும் பார்க்குமுன்பே வழக்கும் போராட்டமும் தொடங்கி விடுகின்றன. கேலி செய்வோரும், யாரைக் கேலி செய்கிறோம், ஏமாற்றுபவனையா, ஏமாந்தவனையா என்று பல நேரம் எண்ணிப் பார்ப்பதில்லை. இரு சாராருக்கும் கலைவாணர் வாழ்வு பாடமாகும். ஏமாந்தவன் மீது அன்பும் ஏமாற்றுபவன் மீது சினமும் கொண்டு, அந்தச் சினத்தைச் சிரிப்பாக மாற்றியவர் அவர்.

மாணவ நண்பர்களே! நம்முள் நாளை எழுதப்போகிறவர்களும் நடிக்கப்போகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் எழுத்தைக் கேட்டுச் சிரிக்கும் கூட்டத்தில் விபூதி பூசிய ஒரு பாட்டிக்கும் இடம் வையுங்கள். கலைவாணர் வைத்திருந்தார்.