திறந்தவெளிப் பள்ளி கண்ட மார்கரெட் மக்மில்லன்

பசித்த குழந்தைக்குப் பாடம் மனத்தில் பதியாது. உறக்கம் கெட்ட குழந்தைக்கு எழுத்து கண்ணில் நிற்காது. இவ்வுண்மையை இன்று மறுப்பவர் இல்லை. ஆனால், குழந்தையின் உடலைப் பேணுவதும் கல்வியின் பகுதியே என்பதை உலகம் ஏற்றுக்கொள்வதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு. அவரே மார்கரெட் மக்மில்லன் அம்மையார்.

ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்கு 1860-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார் மார்கரெட். 1865-இல் குடும்பத்தின் மீது இடி விழுந்தது. தந்தை மறைந்தார், நோய்வாய்ப்பட்ட தங்கையும் மறைந்தாள். அந்நோயால் மார்கரெட்டின் செவிப்புலனும் கெட்டது. பதினான்கு வயதளவில்தான் அது மீண்டது. கணவரை இழந்த தாய், மார்கரெட்டையும் அவருடைய அக்காள் ரேச்சலையும் அழைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் இன்வெர்னெஸ் நகருக்குத் திரும்பினார். பிள்ளைப் பருவத்து நோய் ஒரு வாழ்வை எவ்வாறு முடக்கும் என்பதை மார்கரெட் ஏட்டில் படிக்கவில்லை. தம் உடலிலேயே கண்டார்.

1893-இல் சகோதரியர் இருவரும் கம்பளி ஆலைகள் நிறைந்த பிராட்ஃபோர்டு நகருக்கு வந்தனர். அங்கே தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலும் கழித்தனர். அழுக்குடலும் வெற்று வயிறுமாக வகுப்பில் தூங்கி விழுந்த அப்பிள்ளைகளின் நிலை மார்கரெட்டின் நெஞ்சை உலுக்கியது. 1894-இல் அந்நகரப் பள்ளிக் குழுவின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளி மருத்துவர் ஜேம்ஸ் கெருடன் சேர்ந்து மாணவர்களுக்கு உடற்பரிசோதனை நடத்தினார். பள்ளிக்குள்ளேயே குளியலறைகள் அமைய வழி செய்தார். பிள்ளையைக் குளிப்பாட்டுவதா பள்ளியின் வேலை என்று கேட்டவர்கள் பலர். கட்டாயப்படுத்திப் பள்ளிக்கு வரவழைக்கும் அரசு, கற்கும் ஆற்றலை அப்பிள்ளைக்கு அளிக்கவும் கடமைப்பட்டது என்பதே அம்மையார் கொண்ட கருத்து. அவரும் அவரைப் போன்றோரும் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக, பள்ளி உணவுக்கு 1906-இலும், மாணவர் மருத்துவப் பரிசோதனைக்கு 1907-இலும் சட்டங்கள் பிறந்தன.

இத்துடன் அவர் மனம் நிறைவடையவில்லை. 1908-இல் லண்டனின் போ பகுதியிலும், 1910-இல் டெப்ட்ஃபோர்டு பகுதியிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கான மருத்துவ நிலையங்களைச் சகோதரியர் திறந்தனர். சோப்புத் தொழிலதிபர் ஜோசப் ஃபெல்ஸ் பொருளுதவி செய்தார். மருந்து கிடைத்தது, பிள்ளைகள் குணமாயினர். ஆனால் குணமடைந்து சென்ற பிள்ளைகளே சிறிது காலத்தில் அதே நோயுடன் மீண்டும் வந்தனர்! காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளும், போதாத உணவும், குளிக்க வசதியின்மையும் இருக்கும்வரை மருந்து மட்டும் என்ன செய்யும்? மருத்துவ நிலையம் நடத்திய சகோதரியர்க்கு அந்நிலையமே கற்பித்த பாடம் இது.

எனவே 1911-இல் ஏழைச் சிறுமியர்க்கு இரவு முகாம் ஒன்றைத் தொடங்கினர். சிறுமியர் மாலையில் வந்து குளித்து, திறந்த வெளியில் உறங்கி, காலையுணவு உண்டு பள்ளிக்குச் சென்றனர். அதன் அடுத்த படியாக 1914-இல் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கான திறந்தவெளிப் பள்ளி மலர்ந்தது. அங்கே நான்கு சுவர்களுக்குள் அடைந்த வகுப்பறை இல்லை. ஒருபுறம் திறந்த கொட்டகைகளும், செடி கொடிகள் நிறைந்த தோட்டமுமே பள்ளி. குழந்தைகள் குளித்தனர், பாலும் நல்லுணவும் உண்டனர், மண்ணைத் தோண்டினர், படிகளில் ஏறி இறங்கினர், ஓடியாடினர், நண்பகலில் காற்றோட்டமான இடத்தில் உறங்கினர். அக்காலத்தில் அச்சேரிக் குழந்தைகளிடம் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் மலிந்திருந்தது. தோலில் படும் சூரிய ஒளியால் உடலில் வைட்டமின் டி உண்டாகிறது. அது குறைந்தால் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராமல் கால் வளைகிறது. அம்மையார் திறந்து வைத்த வெயிலும், ஊட்டிய பாலும் எத்தகைய மருந்து என்பதை இதனால் அறியலாம்.

பள்ளியில் பெற்றது வீட்டில் அழியக்கூடாது என்பதால் தாய்மார்களையும் அவர் வரவேற்றார். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அப்பகுதி மக்களின் வாழ்வை நேரில் அறிய வேண்டுமென்று வலியுறுத்தினார். பள்ளியும் இல்லமும் ஒரு குழந்தையின் இரு கைகள் அல்லவா?

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-இல் ரேச்சல் மறைந்தார். துயரில் துவண்டபோதும் மார்கரெட் பணியை நிறுத்தவில்லை. பள்ளிக்கு அக்காளின் பெயரைச் சூட்டினார். 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இத்தகைய பள்ளிகளை நடத்த உள்ளாட்சிகளுக்கு அனுமதி தந்தது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் எண்ணற்ற குழந்தைகளுக்கு அப்பேறு கிட்டாமலே போனது. அக்குறை நீங்க எழுதியும் பேசியும் வந்த அம்மையார், 1930-இல் ரேச்சல் பெயரால் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்று எழக் கண்டார். மறு ஆண்டே கண் மூடினார்.

நாளை ஆசிரியர்களாகவும் பெற்றோர்களாகவும் விளங்கப் போகும் மாணவ நண்பர்களே! குழந்தையின் கையில் ஏட்டைக் கொடுக்குமுன் அதன் வயிற்றையும், உறக்கத்தையும், அது ஓடியாட இடம் உண்டா என்பதையும் நோக்குவோம். தமக்கென ஒரு குழந்தையும் இல்லாத மார்கரெட் அம்மையார், ஊரார் பிள்ளைகளை வளர்த்து நமக்குக் காட்டிச் சென்ற வழி அதுவே.