பேட்டன்ட் வேண்டாம் என்ற ஜகதீஷ் சந்திர போஸ் பெயரில் ஒரு பேட்டன்ட்!

வயர்லெஸ்ஸைக் கண்டுபிடித்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். அவர் பேட்டன்ட் வாங்காததால் மார்க்கோனி திருடிவிட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் கதை முழுசா உண்மையில்லை.

1858-ல் வங்காளத்தில் பிறந்த போஸ், இங்கிலாந்தில் படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பியரைவிடச் சம்பளம் குறைவு என்றதும், மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் மொத்தமும் கைக்கு வந்தது. உரிமையை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்பது இதிலேயே தெரியும்.

1895-ல் கல்கத்தாவில் மின்காந்த அலையை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை ஒலிக்க வைத்தார். 1899-ல் அந்த அலைகளைப் பிடிக்கும் பாதரச டிடெக்டர் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். விஷயமே இங்கேதான். பேட்டன்ட் கிடைக்க, கருவி புதிதாக இருக்க வேண்டும். விவரம் முன்பே வெளியாகிவிட்டால், பொதுவாக யாராலும் அதற்கு உரிமை கோர முடியாது. பயன்படுத்த யாருக்கும் தடையும் இருக்காது.

1901-ல் அட்லாண்டிக் தாண்டி வந்த சிக்னலைக் கேட்க மார்க்கோனி பயன்படுத்தியது போஸின் பாதரச டிடெக்டர்தான் என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், அது பேட்டன்ட் மீறல் ஆகாது. போஸ் பெயரைச் சொல்லாமல் விட்டது நியாயமா என்பது வேறு கேள்வி. அதற்கு பேட்டன்ட் சட்டத்தில் பதில் கிடையாது.

அதே 1901-ல், லண்டனில் ஒரு தந்தி கம்பெனி முதலாளி பேட்டன்ட் படிவத்தோடு வந்து, லாபத்தில் பாதி கேட்டார். போஸ் மறுத்துவிட்டார். நண்பர் தாகூருக்கு இதைக் கடிதத்தில் எழுதியும் இருக்கிறார்.

ஆனா, அவருடைய அமெரிக்கத் தோழி சாரா புல் விடவில்லை. கலீனா என்ற ஈயத்தாதுப் படிகத்தில் போஸ் செய்த இன்னொரு டிடெக்டருக்கு, அதே ஆண்டு அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904 மார்ச்சில் பேட்டன்ட் கிடைத்தது, எண் 755,840. பேட்டன்ட்டும் சொத்து மாதிரிதான், பங்கு பிரிக்கலாம். இதில் பாதி உரிமை சாரா புல்லுக்கு. குறைக்கடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் பேட்டன்ட்டாக இது பரவலாகக் கருதப்படுகிறது.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதன் ஆயுள் 17 ஆண்டுகள். (இந்தியாவில் இப்போது, விண்ணப்பித்த நாளிலிருந்து 20.) படிக டிடெக்டர் வைத்த ரேடியோக்கள் பரவியது அந்தக் காலகட்டத்தில்தான். போஸ் அதிலிருந்து காசு பார்க்க முயலவில்லை. 1921-ல் காலம் முடிந்தது.

அதற்கு முன்பே, 1917-ல் தன் பிறந்தநாளான நவம்பர் 30 அன்று, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். அங்கே கண்டுபிடிக்கப்படும் எதற்கும் பேட்டன்ட் வாங்கப்போவதில்லை என்று அன்றைக்கே அறிவித்தார்.