கஞ்சாவை ஆராய்ந்த கல்கத்தாப் பேராசிரியர்

எங்கள் ஊர் ஐயம்பேட்டையில் கஞ்சா என்ற சொல்லை உச்சரித்தாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். தறியில் அமர்ந்திருக்கும் என் தாத்தா, பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே அதட்டுவார். அவர் அச்சம் நியாயமானதே. பள்ளியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் இப்பழக்கத்தால் படிப்பை இழந்ததை நானே கண்டேன். ஆயினும், வேதியியல் மாணவனாகிய எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இச்செடியை மருந்தென்று எவரேனும் முறைப்படி ஆராய்ந்ததுண்டா? அத்தேடலில் நான் அறிந்துகொண்ட பேரறிஞரே வில்லியம் புரூக் ஓஷானசி.

இவர் 1809இல் அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1829இல் பட்டம் பெற்றார். 1831இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது நோயாளிகளின் இரத்தத்தைப் பகுத்தாய்ந்து, அதில் நீரும் உப்புகளும் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். அதனையொட்டியே 1832இல் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் உப்புநீரை நரம்பில் செலுத்தி நோயாளிகளைக் காக்க முயன்றார். இன்று மருத்துவமனைகளில் ஏற்றப்படும் சலைனுக்கு அதுவே தொடக்கம். அப்போது ஓஷானசிக்கு வயது 22தான்!

1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கல்கத்தா வந்த அவர், 1835இல் தோன்றிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். நம் நாட்டு மக்கள் கஞ்சாவை மருந்தாகவும் போதையாகவும் பயன்படுத்துவது அவர் கருத்தைக் கவர்ந்தது. அதனை மூடநம்பிக்கை என்று அவர் ஒதுக்கவில்லை. மதுசூதன குப்தா போன்ற பண்டிதர்களிடம் பழைய நூல்களின் செய்திகளைக் கேட்டறிந்தார். பின்னர் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய், பூனை முதலியன மயங்கின. ஆடு, மாடு, குதிரை முதலியவற்றில் பெரிய மாற்றமில்லை. அதன் பிறகே நோயாளிகளிடம் சென்றார்.

வாதநோயாளி ஒருவர் சிறிதளவு கஞ்சாப் பிசின் உட்கொண்டு, முதலில் பாடினார், மிகுதியாக உணவு கேட்டார், பின்னர் உணர்விழந்தார். அதனால் அளவு எத்தனை முக்கியம் என்பது தெளிவாயிற்று. தசைகள் இறுகும் டெட்டனஸ் நோயிலும், ஏறக்குறைய 40 நாள் பெண் குழந்தையின் வலிப்பிலும் நற்பயன் கண்டார். வெறிநாய்க்கடி நோயாளியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. வேதனையைத்தான் தணிக்க முடிந்தது. அதனையும் மறைக்காமல் எழுதினார். தொடர்ந்து உட்கொண்டால் ஏற்படும் மனக்குழப்பத்தையும் எச்சரித்தார். இவை யாவும் 1839இல் வெளியாயின.

அக்கல்லூரி மாணவர் சிலர் தாங்களே மருந்தை உண்டு பார்த்ததும் அக்கட்டுரையில் உண்டு. அடக்கமான மாணவன் ஒருவன் சில துளிகளில் தன்னை அரசனாக எண்ணி ஆணைகள் பிறப்பித்தானாம். உடன் பயின்றவர்களையே அடையாளம் காணவில்லையாம். படிக்கச் சிரிப்பு வந்தாலும், என் நண்பனின் நினைவு வந்து சிரிப்பு அடங்கிவிட்டது.

ஓஷானசியின் அறிவு ஒரு துறையில் அடங்கவில்லை. இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவரும் அவரே. 1855இல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் தந்தியால் இணைந்தன. 1856இல் சர் பட்டம் பெற்றார். 1889இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

அவர் அறிமுகப்படுத்திய மருந்து மேலை நாடுகளில் பரவிப் பின்னர் மங்கியது. செடியில் செயற்படும் பொருள் எதுவென்று தெரியாததால், ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு வீரியத்தில் இருந்தது. 1964இல் இசுரேலின் மெக்கூலமும் கவோனியும் டிஎச்சி என்ற போதைப் பொருளைத் தனித்துப் பிரித்தனர். 1992இல் மூளையிலேயே சுரக்கும் ஒத்த பொருளொன்று கண்டறியப்பட்டு, ஆனந்தம் என்ற வடசொல்லால் ஆனந்தமைடு என்று பெயர் பெற்றது. 2018இல் போதை தராத கன்னாபிடயால், கடுமையான குழந்தை வலிப்புக்கு மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கல்கத்தாக் குழந்தையின் கதை 179 ஆண்டுகளுக்குப் பின் உறுதிப்பட்டது எனலாம்.

நண்பர்களே! அளவறிந்து, குறிப்பெழுதி, தோல்வியையும் ஒப்புக்கொண்டு செய்வது ஆராய்ச்சி. அளவறியாமல் ஒளிந்து புகைப்பது அழிவு. செடி ஒன்றே, அணுகும் முறையே வேறு. இதைச் சொன்னபோது, என் தாத்தா முதன்முறையாகத் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். என் நண்பனிடம் அன்றே இதைச் சொல்லியிருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் எனக்குத் தீரவில்லை.