இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட்: கார்ல் யுங் சொன்னது என்ன?

மொபைலில் ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் முடித்ததும், நான் இன்ட்ரோவர்ட், கூட்டம் எனக்கு ஒத்துவராது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறோம். அந்தச் சொல்லைப் பரவலாக்கிய கார்ல் யுங், அதை வேறு நோக்கத்தில் சொன்னார்.

1875-ல் சுவிட்சர்லாந்தின் கெஸ்வில் கிராமத்தில் பாதிரியார் மகனாகப் பிறந்தார் யுங். தனிமையில் வளர்ந்த பையன். மருத்துவம் படித்து, 1900-ல் சூரிச்சில் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். 1907-ல் வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்டைச் சந்தித்தார். ஃப்ராய்டு அவரைத் தன் வாரிசாகவே பார்த்தார். ஆனா, 1913-ல் அந்த நட்பு முறிந்தது.

முறிவு யுங்கை உலுக்கியது. சில ஆண்டுகள் தன் கனவுகளை எழுதியும் வரைந்தும் தன்னையே ஆராய்ந்தார். ஒரே மனநோய்க்கு ஃப்ராய்டு ஒரு காரணமும், ஆல்ஃபிரட் அட்லர் வேறொரு காரணமும் சொல்வது ஏன் என்ற கேள்வியும் அவரைத் துரத்தியது. பார்ப்பவரின் மனப்போக்கே வேறு என்று புரிந்தது.

விடை 1921-ல் புத்தகமாக வந்தது. மன ஆற்றல் உள்நோக்கித் திரும்பினால் இன்ட்ரோவர்ட், வெளியே திரும்பினால் எக்ஸ்ட்ரோவர்ட். ரெண்டும் எல்லோரிடமும் இருக்கு. ஒன்று ஓங்கி நிற்கும், அவ்வளவுதான். அமுங்கிக் கிடக்கும் மறுபக்கத்தையும் கண்டுகொள்வதே வளர்ச்சி என்றார் யுங்.

அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மயர்ஸும் இதை அடிப்படையாக வைத்தே 16 வகை டெஸ்ட்டை உருவாக்கினார்கள். யுங்கோ, மனிதர்களுக்கு முத்திரை குத்துவதை விரும்பவில்லை. 1961-ல், 85 வயதில் மறைந்தார்.

அவர் கணக்குப்படி, டெஸ்ட் காட்டுவது நமக்குப் பழகிய பக்கத்தை. வேலை பாக்கியிருப்பது மறுபக்கத்தில்.