கப்பல் கணக்கில் உண்மை கண்ட குமாஸ்தா

பேரேடு புரட்டிப் பழகிய நம் வியாபார அன்பர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் சரக்கு வந்தால், அதற்குரிய விலை, பணமாகவோ மாற்றுச் சரக்காகவோ, மறுபக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் கணக்கு தவறாக இருக்க வேண்டும். அல்லது எங்கோ கொள்ளை நடக்க வேண்டும். இந்தச் சிறு விதியை மட்டும் துணையாகக் கொண்டு ஓர் அரசரையே எதிர்த்து நின்றவர் எட்மண்ட் மோரல். அவருடைய வரலாற்றை இம்முறை நம் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

மோரல் 1873-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஆங்கிலேய மாது. சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்தவர், பதினைந்தாம் வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு பாரிஸில் ஒரு பாங்கில் வேலைக்கு அமர்ந்தார். 1891-இல் லிவர்பூல் நகரத்து எல்டர் டெம்ஸ்டர் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பட்டமோ பரம்பரைச் சொத்தோ அவருக்கு இல்லை. பிரெஞ்சு மொழி நன்கு தெரியும் என்பதால், கம்பெனியின் காங்கோ கணக்குகள் அவர் பொறுப்பில் விடப்பட்டன. அதற்காக அவர் அடிக்கடி பெல்ஜியத்து அண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது.

அக்காலத்துக் காங்கோ ஒரு விசித்திரமான ராஜ்யம். 1885 முதல் அது பெல்ஜிய நாட்டுக்கல்ல, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்குத் தனிச் சொத்தாக இருந்தது. அவர் தம் வாழ்நாளில் ஒரு முறைகூட அங்கே கால் வைத்ததில்லை. ஆப்பிரிக்க மக்களை அடிமை வியாபாரிகளிடமிருந்து மீட்டு நாகரிகம் தருவதே தம் நோக்கமென்று உலகத்தை நம்ப வைத்திருந்தார். சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்கும் டயர் தேவைப்பட்ட காலம் அது. காங்கோக் காடுகளில் தானாக விளைந்த ரப்பர் பெரும் லாபம் தந்தது.

அண்ட்வெர்ப் துறையில் மோரல் கண்டது இதுதான். காங்கோவிலிருந்து வந்த கப்பல்கள் ரப்பரும் தந்தமும் நிறைய இறக்கின. திரும்பிப் போனவற்றிலோ, வியாபாரத்துக்குரிய துணியும் உப்பும் பாத்திரமும் மிகச் சொற்பம். சிப்பாய்களும் துப்பாக்கிகளும் தோட்டாக்களுமே அதிகம். வெளியிடப்பட்ட கணக்குக்கும் இறங்கிய சரக்குக்கும் பொருத்தமும் இல்லை. அப்படியானால் அங்குள்ள ஜனங்கள் எதை வாங்கிக்கொண்டு ரப்பரைக் கொடுக்கிறார்கள்? ஒன்றுமே வாங்கவில்லை, துப்பாக்கி முனையில் பறிக்கப்படுகிறது என்பதுதான் விடை. காங்கோவைக் கண்ணால் காணாமலே, கணக்கைக் கொண்டே அவர் இம்முடிவுக்கு வந்தார்.

உண்மை அதைவிடக் கொடியது. கிராமத்துக்கு இவ்வளவு ரப்பர் என்று கட்டளை உண்டு. ஆண்கள் ரப்பர் கொண்டுவரும் வரை பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். செலவழித்த தோட்டாவுக்குச் சிப்பாய் கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டன. பட்டினியும் நோயும் சேர்ந்து ஊர்கள் பாழாயின. மாண்டவர் தொகைக்குச் சரியான கணக்கில்லை. ஒரு கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவோரும் உண்டு.

மோரல் முதலில் தம் முதலாளியிடம் போய்ச் சொன்னார். கம்பெனித் தலைவர் ஆல்பிரட் ஜோன்ஸ், லிவர்பூலில் காங்கோ ராஜ்யத்தின் கான்சலாகவும் இருந்தவர். விஷயம் அவருக்கு ருசிக்கவில்லை. உயர்ந்த உத்தியோகமும் கூடுதல் சம்பளமும் தருவதாக ஆசை காட்டப்பட்டது. மனைவி மக்களோடு சம்பளத்தை நம்பி வாழ்ந்தவர் மோரல். ஆயினும் அதை ஏற்காமல் வேலையை விட்டார். 1903-இல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்.

அவருக்கு முன்னும் இக்கொடுமையை எழுதியவர்கள் இருந்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற கறுப்பு அமெரிக்கர் 1890-லேயே எழுதினார். பாதிரிமார் சிலரும் எழுதினர். உலகம் செவிசாய்க்கவில்லை. மோரல் அச்சாட்சியங்களையெல்லாம் திரட்டிக் கணக்கோடு சேர்த்து வைத்தார். 1903 மே மாதம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு காங்கோவைப் பற்றி ஒரு தீர்மானம் செய்தது. கான்சல் ரோஜர் கேஸ்மெண்ட் உள்நாட்டுக்குச் சென்று விசாரித்து எழுதிய அறிக்கை 1904-இல் வெளிவந்தது. அவ்வாண்டே இருவருமாகக் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தை அமைத்தார்கள். லிவர்பூல் வியாபாரி ஜான் ஹோல்ட்டும் சாக்லேட் முதலாளி வில்லியம் காட்பரியும் துணை நின்றார்கள். ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரி மாது எடுத்த புகைப்படங்கள் ஊர் ஊராகக் கூட்டங்களில் திரையிட்டுக் காட்டப்பட்டன.

முடிவில் 1908-இல் லியோபோல்டு காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க நேர்ந்தது. கொடுமைகள் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. எனவே சங்கம் 1913 வரை உழைத்த பிறகே கலைக்கப்பட்டது. நம் மலாயாவிலும் பிற நாடுகளிலும் தோட்ட ரப்பர் பெருகி, காட்டு ரப்பரின் மதிப்பு குறைந்ததும் ஒரு காரணமே.

பின்னர் முதல் உலக யுத்தத்தை எதிர்த்ததன் விளைவாக 1917-இல் மோரல் சிறை சென்றார். 1922 தேர்தலில் வின்ஸ்டன் சர்ச்சில் போட்டியிட்ட டண்டீ தொகுதியில் நின்று வென்று, அவரைத் தோற்கடித்தார். 1924-இல் காலமானார்.

அவர் குறையையும் மறைக்கலாகாது. 1920-இல், ஜெர்மனியில் நிறுத்தப்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றி நிறவெறி மிகுந்த அவதூறுகளை எழுதினார். எந்த மக்களுக்காகப் போராடினாரோ, அவர்களையே இழிவு செய்தார். ஒரு முறை நியாயத்தின் பக்கம் நின்றவரும் மறுமுறை தவறக்கூடும் என்பதற்கு அது சாட்சி.

இனப்படுகொலையைத் தடுப்பது அரசுகளின் கடமை என்று 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை ஒப்பந்தம் செய்தது. ஆனால் அரசுகள் பார்க்கும் முன்பே துறைமுகமும் கிட்டங்கியும் பாங்கும் பார்த்துவிடுகின்றன. ருவாண்டாவில் 1994-இல் நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அந்நாட்டுக்கு வெட்டுக்கத்திகள் வழக்கத்துக்கு மேல் ஏராளமாக இறக்குமதியாயின. அந்தப் பட்டியல்களும் யாரோ ஒரு குமாஸ்தாவின் கையால் எழுதப்பட்டவையே.

நாம் வாங்கி விற்பவர்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது என்று கேட்பது நமக்கு அன்றாடத் தொழில். கணக்கு ஒவ்வாத இடத்தில் லாபத்தை மட்டும் பார்த்துப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அல்லது ஏன் என்று கேட்கலாம். விடை சரியில்லையென்றால் அந்த வியாபாரத்தை விட்டு விலகலாம். தெரிந்ததை உரியவர்களுக்கு எழுதலாம். எழுதுகிறவர்களுக்குப் பொருளுதவி செய்யலாம். மோரலும் ஹோல்ட்டும் செய்தவை இவையே. இவற்றில் ஒன்றுகூட நம்மால் ஆகாத காரியமல்ல.